நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண்

என்னுடைய முதல் சம்புச் செடியைச் சுத்தம் செய்தே சாகடித்தேன்.

குளக்கரையில் நீண்ட பட்டை இலைகளோடு நிற்குமே, அந்த நீர்ச்செடி. தொட்டியில் இரண்டு வருடம் செழித்து நின்றது. இலையெல்லாம் பழுத்துக் காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சரிந்த கூரை மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கத்தரியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்டுவது என்று வந்துவிட்டால் அரைகுறையாக விட எனக்குப் பிடிக்காது. கையைத் தண்ணீருக்குள் விட்டு, தண்டு மண்ணிலிருந்து புறப்படும் இடத்தைத் தடவிப் பார்த்து, அங்கேயே ஒவ்வொன்றாக நறுக்கினேன். முடித்தபோது ஒரு கட்டைகூட வெளியே தெரியவில்லை. தெளிந்த தண்ணீர், அதில் வானம். வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாராட்டினார்கள் என்றுதான் ஞாபகம்.

ஒரு மாதம் போனது. தளிர் வரவில்லை. ஓய்வெடுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் மாதம் தொட்டியின் அடியிலிருந்து குமிழ்கள் எழும்பின. பக்கத்தில் போனால் சாக்கடை வாடை. கையை விட்டுக் கிழங்கைப் பிடித்தேன். விரலுக்கு இடையில் கூழாக வழிந்தது.

நோயா, பூச்சியா, மண் சரியில்லையா என்று ரொம்ப நாள் குழம்பினேன். பதில் அந்தச் செடியின் இலைக்குள்ளேயே இருந்தது. சம்பு இலை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே தோல் போல இரண்டு சுவர். நடுவில் வரிசையாக வெற்றறைகள், அவற்றைப் பிரிக்கும் மெல்லிய தடுப்புகள். நீளவாக்கில் பிளந்தால் ஏணி மாதிரி இருக்கும். இலையில் பாதிக்கும் மேல் வெறும் காற்று. அவ்வளவு உயரமாக நின்றும் அது அத்தனை லேசாக இருப்பது அதனால்தான். அந்த அறைகள் எல்லாம் காற்றுக் குழாய்கள். சேற்றுக்குள் புதைந்திருக்கும் கிழங்குக்கும் வேருக்கும் ஆக்சிஜன் போய்ச் சேரும் வழி அதுதான். தண்ணீருக்கு அடியில் ஊறிக் கிடக்கும் களிமண்ணில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே மேலிருந்து காற்று இறங்க வேண்டும்.

அது இறங்கும் விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். சும்மா தானாகக் கசிந்து போவதில்லை, அழுத்தத்தோடு போகிறது. வெயிலில் இளம் இலைகளின் உள்ளே ஈரப்பதமும் சூடும் கூடி, உள்காற்றின் அழுத்தம் வெளியை விடச் சற்று உயர்கிறது. அந்த அழுத்தம் காற்றைக் கிழங்கு வரை கீழே தள்ளுகிறது. கிழங்கு வழியாக ஓடிய காற்று, பக்கத்தில் இருக்கும் முதிர்ந்த இலை, ஒடிந்த இலை, காய்ந்த தண்டு ஆகியவற்றின் வழியே வெளியேறுகிறது. ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே. பச்சை இலை மூக்கு என்றால் காய்ந்த தண்டு அந்த வீட்டின் புகைபோக்கி. பச்சையே இல்லாத பருவத்தில் இந்த அழுத்தம் இருக்காது. அப்போது மெதுவாகக் காற்று இறங்குவதற்கு மிச்சமிருப்பது அந்தக் காய்ந்த தண்டுகள் மட்டுமே.

நான் செத்த தண்டு என்று நினைத்து வெட்டியது செடி மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழாய். அதுவும் தண்ணீருக்குக் கீழே வெட்டி, வெட்டுவாய் வழியே குழாய்க்குள் தண்ணீர் புகவும் வழிசெய்து கொடுத்தேன். வேண்டாத சம்பைக் குளத்திலிருந்து ஒழிக்க நினைப்பவர்கள் மருந்தே தெளிக்காமல் செய்யும் வேலை இதுதான். எல்லாத் தண்டையும் நீர்மட்டத்துக்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் கீழே வெட்டிவிட்டு, அது மறுபடி வெளியே தலைகாட்டாதபடி தண்ணீரை அதே மட்டத்தில் வைத்திருப்பார்கள். ஒழிக்கும் முறையை அட்சரம் பிசகாமல் பராமரிப்பாகச் செய்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். காய்ந்ததை வெட்டும்போது நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டுவேன். மழை வந்து தொட்டி நிரம்பினாலும் கட்டை மூழ்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. புதுத்தளிர் இரண்டு அடி உயர்ந்த பிறகு பழைய கட்டை தானே மக்கி விழும். பார்க்கக் கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

சரி, எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையே சரியாகச் சொல்லவில்லை. பெயர் விஷயத்தில் இந்தச் செடி பெரிய வம்பு.

குளக்கரையில், வாய்க்கால் ஓரத்தில், நீண்ட பட்டை இலைகளுக்கு நடுவே, குச்சியில் செருகிய பழுப்பு வெல்வெட் உருளை மாதிரி ஒன்று நிற்குமே, அது சம்பு. சம்பங்கோரை, யானைக்கோரை என்றும் சொல்வார்கள். தாவரவியலில் டைஃபா. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் முறைப்படி பதிவு செய்த பெயர். கோரை என்று பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் உண்மையில் அது கோரை இனம் கிடையாது, தனிக் குடும்பம். பாய் நெய்யும் கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணமாக, விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும். சம்புத் தண்டு உருண்டை.

ஆங்கிலத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பிரிட்டனில் புல்ரஷ் என்றால் பெரும்பாலும் இந்தச் சம்பு. அமெரிக்காவில் இதையே கேட்டெயில், அதாவது பூனைவால் என்பார்கள். அங்கே புல்ரஷ் என்றால் ஸ்கீனோபிளெக்டஸ் என்ற கோரை. இலையே இல்லாத மாதிரி பச்சைக் குச்சிகளாக எழும் செடி அது. இது போதாதென்று, குழந்தை மோசேயை வைத்து நைல் நதியில் விட்ட பெட்டி இருக்கிறதே, அதுவும் பழைய ஆங்கில விவிலியத்தில் புல்ரஷ். தமிழ் விவிலியத்தில் அது நாணற்பெட்டி. நிஜத்தில் அது பெரும்பாலும் பாப்பிரஸாக இருந்திருக்கும், அதுவும் ஒரு கோரை. ஆகவே புல்ரஷ் வளர்ப்பு என்று தேடிப் படிக்கிறவர் எந்தச் செடியைப் பற்றிப் படிக்கிறோம் என்று முதலில் படத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. 1950களில் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த கேத்தே சைடல் என்ற அறிவியலாளர், புல்ரஷ் செடிகளைக் கொண்டு அழுக்குத் தண்ணீரைத் தெளியவைக்கும் சோதனைகளைத் தொடங்கினார். நாணல் படுகை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இன்றைய முறைகளுக்கு அது முன்னோடி. அவர் வைத்துப் பார்த்த செடி ஸ்கீனோபிளெக்டஸ்தான், சம்பு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. இதைப் படித்த உற்சாகத்தில், ஒரு தொட்டிச் சம்பை வைத்தால் குளம் முழுக்கப் பளிங்காகிவிடும் என்று நானும் நம்பினேன். ஆகாது. மீன் கழிவிலிருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் காய்ந்த இலையை நீங்கள் வெட்டி வெளியே எடுக்காவிட்டால், அது மக்கி வாங்கியதையெல்லாம் திருப்பித் தண்ணீருக்கே கொடுத்துவிடும்.

பெயர்க் குழப்பத்தில் நானும் ஒருமுறை மாட்டினேன். முதல் செடி போன பிறகு, தெரிந்தவர் ஒருவரிடம் சம்பு கேட்டிருந்தேன். அவர் அன்போடு ஒரு சாக்கில் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். நட்டேன். நன்றாக வந்தது. பட்டை இலை, பச்சை நிறம், ஈரம் பிடித்த மண்ணில் சந்தோஷமாக நின்றது. ஆனால் கதிர் வரவே இல்லை. உயரமும் மூன்று அடியைத் தாண்டவில்லை. இரண்டு வருடம் பொறுத்தேன். ஒருநாள் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளியபோது கையில் வந்த வாசனையில்தான் விஷயம் புரிந்தது. சம்பு கேட்ட எனக்கு வசம்பு கொடுத்திருக்கிறார். ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. வசம்பும் அதே மூலையில்தான் இன்னும் நிற்கிறது.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இதைப் பார்த்துக்கொள்ளலாம். வசம்பு இலையில் நடுநரம்பு மாதிரி ஒரு மேடு நீளமாக ஓடும், அதுவும் சரியாக நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். கசக்கினால் வாசனை. நீரோரத்தில் வளரும் மஞ்சள் ஐரிஸ் செடியும் இளம்பருவத்தில் சம்பு மாதிரியே தெரியும். அதன் அடிப்பகுதி விசிறி போலத் தட்டையாக இருக்கும், அது நச்சுச்செடி. சம்பு இலைக்கு நடுநரம்பு கிடையாது, வாசனையும் கிடையாது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் லேசாகப் புடைத்திருக்கும். அடித்தண்டு உருண்டையாகவோ கொஞ்சம் முட்டை வடிவிலோ இருக்கும். இன்னொன்று, சம்பு இலை நிமிர்ந்து நிற்கும்போதே மெல்லத் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். ரிப்பனைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்ட மாதிரி. அந்த முறுக்கு இருப்பதால்தான் பெரிய காற்றிலும் மடங்காமல் நிற்கிறது.

சம்பில் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. தோட்டத்துக்கு நான்கைத் தெரிந்தால் போதும். அகன்ற இலைச் சம்பு, லாட்டிஃபோலியா, இரண்டு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். குறுகிய இலைச் சம்பு, அங்குஸ்டிஃபோலியா, அதே உயரம், ஆனால் ஒல்லி. இரண்டையும் இனம் காணக் கதிரைப் பார்க்க வேண்டும். எல்லாச் சம்பிலும் மேலே ஆண்பூக்கள், கீழே பெண்பூக்கள். லாட்டிஃபோலியாவில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்குஸ்டிஃபோலியாவில் நடுவே சில சென்டிமீட்டர் வெறும் குச்சி தெரியும். ஆண்பூக்கள் மஞ்சள் மகரந்தத்தைக் காற்றில் கொட்டிவிட்டு உதிர்ந்துபோகும். பிறகு கதிரின் உச்சியில் மொட்டையாக நிற்கும் குச்சி அதன் மிச்சம். நாம் ரசிக்கும் பழுப்பு உருளை முழுக்கப் பெண்பூக்கள், அதாவது விதைகள்.

மூன்றாவது லாக்ஸ்மன்னி. மார்பளவு உயரம்தான். நான்காவது மினிமா என்ற குட்டிச் சம்பு. முழங்கால் அளவு, இடுப்பளவைத் தாண்டாது. கதிர் நீளமாக இல்லாமல் உருண்டையாக, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய குளம் இல்லாதவர்கள் மினிமாவைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம் என்பது என் கருத்து. படத்தில் பெரிய சம்புதான் கம்பீரமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நானும் அதில் மயங்கித்தான் வாங்கினேன். ஆனால் இரண்டடி அகலத் தொட்டியில் ஆளுயரச் செடி நின்றால், காற்றடிக்கும் நாளில் தொட்டியோடு சாயும். என் வீட்டில் இரண்டு முறை சாய்ந்தது.

பெரியதை மண்ணில் நேரடியாக நட்டால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் இருக்கிறது. தோட்டத்தில் பள்ளம் வெட்டி, ரப்பர் ஷீட் விரித்து, ஒரு சின்னக் குளம் வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் சேற்றை நிரப்பி, இரண்டு துண்டு லாட்டிஃபோலியா நட்டேன். முதல் வருடம் அடக்கமாக இருந்தது. அந்த அடக்கத்தை நம்பக் கூடாது. மேலே ஒன்றும் தெரியாத அந்த நாட்களில் அது கீழே கிழங்கை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் மட்டநிலத்தண்டு என்பார்கள். கட்டைவிரல் பருமன், படுத்தவாக்கில் ஓடும், நுனி ஈட்டி மாதிரி கூர்மை. இரண்டாம் வருடம் குளத்தின் எதிர்க்கரையில் தளிர் எட்டிப் பார்த்தது. அல்லி இருந்த தொட்டிக்குள்ளேயே ஒன்று முளைத்தது. மூன்றாம் வருடம் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் இரண்டு நாளில் ஒரு சாண் இறங்கியது. வெயிலைக் குற்றம் சொன்னேன். சம்பும் இலை வழியாக நிறையத் தண்ணீரை ஆவியாக்கும் செடிதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டுப் பார்த்தால் ஷீட்டில் ஆணி அடித்த மாதிரி மூன்று ஓட்டை. ஒன்றில் கிழங்கின் நுனி இன்னும் செருகியபடியே இருந்தது.

இப்போது குளத்துக்குள் வைத்தாலும் தொட்டிக்குள்தான் வைக்கிறேன். அடியில் ஓட்டை இல்லாத, அகலமான, கெட்டியான தொட்டி. குறுகி உயரமான வாளி உதவாது. கிழங்கு பக்கவாட்டில் ஓடுகிற ஜாதி, ஆழம் அதற்குத் தேவையில்லை. மினிமாவுக்கு ஒரு முழ அகலம் தாராளம். பெரிய இனத்துக்கு அதைப்போல இரண்டு மடங்காவது. அடியில் இரண்டு செங்கல் வைத்தால் கனம் கூடும், சாயாது.

மண் விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, கடையில் பையில் வரும் பூந்தொட்டிக் கலவையைப் போடுவது. அதில் இருக்கும் தென்னைநார்த் தூளும் மக்கிய உரமும் தண்ணீரில் மிதந்து மேலே வந்துவிடும். மீதி ஊறி, சத்தைத் தண்ணீரில் விட்டு, பாசிக்கு விருந்து வைக்கும். சம்புக்கு வேண்டியது கனமான களிமண். பிடித்தால் உருண்டையாகி, காய்ந்தால் வெடிக்கும் மண் எதுவோ அது. தொட்டியில் முக்கால் பாகம் களிமண், கிழங்கைத் தளிர் மேல்நோக்கி இருக்கும்படி படுக்கவைத்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் மண் மூடி, மேலே கூழாங்கல் ஒரு அடுக்கு. கூழாங்கல் இல்லாவிட்டால் குளத்தில் இருக்கும் மீன் மண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிடும். நட்டதும் ஆழத்தில் இறக்கிவிடாதீர்கள். முதலில் மண் மட்டத்துக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் போதும். தளிர் நீண்டு தலை வெளியே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டலாம். காரணம் மேலே சொன்ன அதே மூச்சுக் கதைதான். பெரிய சம்பு முப்பது சென்டிமீட்டர் ஆழம் வரை கவலையில்லாமல் நிற்கும். மினிமாவுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

வெயில்? முழு வெயில். நிழலில் வைத்தால் இலை மட்டும் வரும், கதிர் வராது. உரம் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், போடாதீர்கள். இந்தச் செடிக்கு ஊட்டம் கொடுப்பது ஓடுகிற குதிரைக்குச் சவுக்கடி கொடுப்பது போல. தொட்டியில் நான்கைந்து வருடமாகப் பிரிக்காமல் கிடந்து, இலை வெளிறினால் மட்டும் யோசிக்கலாம். அப்போதுகூட உரத்தை விடப் பிரித்து நடுவதுதான் சரியான வைத்தியம்.

பிரித்து நடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தோட்ட வேலையில் சேராது, மல்யுத்தத்தில் சேரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, புதுத்தளிர் எழும்பத் தொடங்கும் பருவத்தில் செய்ய வேண்டும். அதற்குள் கிழங்குகள் தொட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடி, தொட்டியின் வடிவத்திலேயே கயிற்று உருண்டை போல இறுகியிருக்கும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும். எனக்கு ஒன்று பிளந்தே போனது. தொட்டியைக் கவிழ்த்து உதைத்து, வெளியே வந்ததும் பழைய ரம்பத்தால் அறுப்பேன். நல்ல கத்தியை இதற்கு எடுக்காதீர்கள், கூழாங்கல்லில் பட்டு முனை போய்விடும். நடுவில் இருக்கும் கறுத்த பழங்கிழங்கை வீசிவிட்டு, ஓரத்தில் இருக்கும் வெளுத்த, அழுத்தினால் கல் மாதிரி இருக்கும் இளங்கிழங்கில் தளிரோடு ஒரு சாண் துண்டு எடுத்தால் போதும். ஒரே ஒரு துண்டு. இரண்டாவது துண்டை வைக்கலாமா என்று மனம் கேட்கும். கேட்டால் அடக்குங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது? இதில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வாய்க்காலிலோ ஏரியிலோ வீசக் கூடாது. வெளியூரிலிருந்து வந்த இனமாக இருந்தால் உள்ளூர் இனத்தோடு கலந்து புது வம்சம் உண்டாகும். வட அமெரிக்காவின் பேரேரிகள் பகுதியில் அகன்ற இலைச் சம்பும் குறுகிய இலைச் சம்பும் கலந்து பிறந்த கலப்பினம் ஈரநிலங்களை வளைத்துப்போட்டு, மற்ற செடிகளுக்கு இடமில்லாமல் செய்திருக்கிறது. மிச்சக் கிழங்கைத் தரையில் பரப்பி, நன்றாக வெயிலில் காயவிட்டு, உடைத்தால் நொறுங்கும் பதம் வந்த பிறகுதான் உரக்குழிக்குப் போக வேண்டும். ஈரம் இருக்கும்போதே குழியில் போட்டேன் ஒருமுறை. குழியில் சம்பு வளர்ந்தது.

விதை சங்கதி இதற்கு மேல். ஒரு கதிரில் லட்சத்துக்கும் அதிகமான விதை இருக்கும், பெரிய கதிரில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், அதற்குப் பஞ்சு இறக்கை. காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். தண்ணீரில் விழுந்தால் சற்று நேரத்தில் தோல் பிளந்து விதை மட்டும் தனியே மூழ்கும். ஈரச் சேறும் வெளிச்சமும் கிடைத்தால் முளைக்கும். கிடைக்காவிட்டால் சேற்றுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே கதிர் நல்ல பழுப்பு நிறம் வந்ததும், உடைந்து பஞ்சு பறக்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது சாண் கணக்கை மறக்க வேண்டாம்.

வெட்டிய கதிரைச் சாடியில் வைத்தால் மாதக்கணக்கில் அழகாக இருக்கும். ஆனால் முற்றாமல், ஆண்பூ மிச்சம் உச்சியில் இருக்கும்போதே வெட்டியிருக்க வேண்டும். முற்றியதை வைத்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டு வரவேற்பறை அறியும். ஒரு மத்தியானம் யாரோ கதவைச் சாத்திய அதிர்ச்சியில் ஒரு கதிர் ஓர் இடத்தில் பிளந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. பாலைப் பொங்கவிட்ட மாதிரி பஞ்சு நுரைத்துக்கொண்டே வெளியே வந்தது. அவ்வளவு சின்ன உருளைக்குள் அத்தனை பஞ்சு எப்படி அடங்கியிருந்தது என்று நின்று பார்த்ததுதான் தவறு. அதற்குள் மின்விசிறி தன் வேலையைச் செய்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வரத்து நின்றபோது, மிதக்கும் உயிர்காப்பு உடைகளுக்குள் அடைக்கச் சம்புப் பஞ்சையும் எடுத்தார்களாம். என் வீட்டு சோபாவிலிருந்தே இரண்டு உடைக்குச் சேகரித்திருக்கலாம்.

சில கதிர்கள் வெடிக்காமலே வருடம் முழுக்க நிற்கும். நல்ல ரகம் போல என்று முதலில் நினைத்தேன். ஒன்றைப் பிட்டுப் பார்த்தபோது பஞ்சு உதிராமல், பின்னிய மாதிரி திரண்டு வந்தது. உள்ளே அரிசி அளவில் வரிவரியான புழுக்கள். லிம்னீசியா என்ற சின்ன அந்துப்பூச்சியின் புழு. அது விதையைத் தின்றுகொண்டு கதிருக்குள்ளேயே வாழ்கிறது. தான் குடியிருக்கும் பஞ்சுவீடு காற்றில் பறந்துவிடாதபடி பட்டுநூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிடுகிறது. என் விதைப் பிரச்சினையில் பாதியை அதுவே தீர்த்துவைத்தது. அன்றிலிருந்து மருந்து அடிக்கும் யோசனையே எனக்கு வரவில்லை. தளிரில் அசுவினிப் பூச்சி அப்பினால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் விழும், தண்ணீரில் மீன் தின்னும். கொசுவுக்கும் அதே மீன்தான் பதில். செடி நெருக்கமாக வளர்ந்து மீன் நுழைய இடமில்லாமல் போவதுதான் கொசுவுக்குச் சாதகம். அதற்காகவும் பிரித்து நட வேண்டும்.

போன வருடம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய குளத்தில் காற்றில் வந்து விழுந்த சம்பு, ஆறேழு வருடத்தில் தண்ணீரே தெரியாதபடி அடைத்துவிட்டது. மருந்து தெளிக்க அவருக்கு இஷ்டமில்லை, தவளையும் மீனும் இருந்தன. நீளக் கத்தரியோடு போய் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். ஒவ்வொரு தண்டாக, தண்ணீருக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டினேன். பச்சை, காய்ந்தது, எதையும் விடவில்லை. முதல் செடியை நான் சாகடித்த கதை அவருக்குத் தெரியும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், "என்ன தம்பி, அன்னிக்கு அழுதுகிட்டே சொன்ன வேலைய இன்னிக்கு விசில் அடிச்சுகிட்டு செய்யறே?" என்றார்.

மாலையில் ஒரே ஒரு தண்டு மிச்சம். கத்தரியைக் கொண்டுபோனபோது அதில் ஏதோ ஒட்டியிருந்தது. தட்டானின் கூடு. தண்ணீருக்குள் புழுவாக வாழ்ந்தது, தண்டைப் பிடித்து மேலே ஏறி, முதுகைப் பிளந்து, தோலைக் கழற்றி வைத்துவிட்டுப் பறந்து போயிருந்தது. கால்கள் எல்லாம் இன்னும் தண்டைக் கட்டிப்பிடித்தபடி. அதை வெட்டக் கை வரவில்லை. ஒரு தண்டுதானே என்று விட்டுவிட்டு ஏறினேன்.

அடுத்த மாதம் அக்கா மறுபடி கூப்பிட்டார். குளம் முழுக்கத் தண்ணீர், அதில் மேகம். நட்டநடுவில் அந்த ஒற்றைத் தண்டு, அதைச் சுற்றி நான்கு புதுத்தளிர். அந்த ஒரு குழாய் வழியாகவே அதற்குக் கீழே இருந்த கிழங்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஒரு நிமிஷம் அக்கா, இதையும் முடிச்சிடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"இரு இரு" என்றார். உள்ளே போய், துணி ஊறவைக்கும் அகலமான பழைய டப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல வைக்க ஆகுமா?"

அடியில் ஓட்டை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை.